ஓடவிடாத சிஸ்டர்

பன்றித் தொடைக்குள் கட்டைவிரலை அடிவரை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப இளசு. கையை விட்டா கிழிஞ்சுடும். கொஞ்சம் ஓடியாடின பன்னி இல்லையா?" என்கிறார் சிஸ்டர் டோர்கஸ். எங்கள் தீவுத் தலைநகரான ஹோனியராவின் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கறிக்கடையில் காலை ஏழு மணி. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் வானத்தைப் பார்க்கிறேன்.

"சிஸ்டர், எல்லாரும் மோந்து பாப்பாங்க, அமுக்கிப் பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் ஓட்டை போட்டுப் பாக்கறீங்க."

"ஓட்டை போடறதுக்குத்தானே வாங்கறேன்!"

தோலும் எலும்பும் சேர்ந்த தொடையாக இருக்க வேண்டும். வீட்டிலேயே கட்டிப்போட்டு வளர்த்த பன்றி ஆகாது, சதையில் முறுக்கு இருக்காதாம். போலீஸ்காரன் தொடை மாதிரி இருக்க வேண்டும் என்று ஒருநாள் கடைக்காரரிடமே சொன்னார். அன்றிலிருந்து அவர் போலீஸ்காரர்களுக்குக் கறி நிறுத்துக் கொடுக்கும்போது ஒரு மாதிரிச் சிரித்துக்கொள்கிறார்.

ஒன்பது மணிக்கு அந்தத் தொடை எங்கள் முகாமின் மாமரத்தடியில் ஒரு பலகைமேல் கிடக்கும். நடுவில் எலும்புவரை ஒரு துளை. துளைக்குள் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் சிவப்புச் சர்பத் நிரப்பிய பாட்டில். பாட்டிலை அமுக்குவது என் வேலை. சர்பத் பீச்சியடிக்க, பயிற்சிக்கு வந்தவர் அதற்குள் துணிச்சுருளை விரல் விரலாகத் திணித்து, எலும்பைத் தொட்டதும் முழங்கையை மடக்காமல் மூன்று நிமிடம் அமுக்க வேண்டும். சிஸ்டரின் நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கும் நர்ஸ் கடிகாரம்தான் நீதிபதி. இரண்டே முக்கால் நிமிடத்தில் கையை எடுத்தவரைப் பார்த்து, "செத்துட்டான். அவன் பொண்டாட்டிகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்பார். பொண்டாட்டியாக நடிப்பதும் நான்தான்.

என் பெயர் டட்லி. வெடிகுண்டு அகற்றும் குழுவின் வண்டி ஓட்டுகிறேன். முந்தின உலக யுத்தத்தில் யார் யாரோ எங்கள் தீவில் வந்து சண்டை போட்டுவிட்டு விட்டுப்போன குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் மரவள்ளிக் கிழங்கு மாதிரி கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுப்பவர்களுக்கும், தீயணைப்புக்காரர்களுக்கும், கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் படகுக்காரர்களுக்கும் சிஸ்டர் பாடம் நடத்துகிறார். ஆபத்தான இடத்தில் அடிபட்டவனை டாக்டர் கைக்குப் போய்ச் சேரும்வரை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் பாடம். பாடத்துக்குப் பிணம் வேண்டும். ஆறு வருஷத்தில் நான் நூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருக்கிறேன். பிழைத்தது முப்பது முறை இருக்கலாம்.

சாவதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் காயத்தைப் பார்க்கிறேன் என்று கால்சட்டையைக் கீழிருந்து மேலாகக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். என் மனைவி இரண்டு வருஷம் தைத்துத் தைத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் முகாமுக்கே வந்து நின்றாள்.

"சிஸ்டர், ஆளைக் காப்பாத்தறது இருக்கட்டும். நாலு கால்சட்டையைக் காப்பாத்த முடியலையே உங்களால!"

"கால்சட்டைக்கு உயிர் இருந்தா அதையும் கத்துக்குடுத்திருப்பேன்மா" என்றார் சிஸ்டர். அடுத்த வாரம் அவரே உட்கார்ந்து என் கால்சட்டை இரண்டிலும் பக்கவாட்டில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது ஒரே இழுப்பில் திறந்துகொள்கிறது. பஸ்ஸில் ஏறும்போதும் திறந்துகொள்கிறது.

சிஸ்டர் ஆள் குட்டை, அகலம். பூப்போட்ட தீவுச் சட்டை, ரப்பர் செருப்பு, தோளில் சிவப்புப் பை. பைக்குள் இறுக்குப்பட்டைகள். கை காலில் ரத்தக்குழாய் அறுந்தால் காயத்துக்கு மேலே சுற்றி, அதிலிருக்கும் குச்சியைத் திருகித் திருகி ரத்தத்தை அடைக்கிற பட்டை அது. கட்டியவுடன் நேரத்தை அடிபட்டவன் நெற்றியிலேயே மையால் எழுத வேண்டும். "ரத்தம் மணி பாக்காது. நீ பாரு." ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன் வரிசையில் பாதிரியார் மண்டியிடும்போது, "இவர் தொடைக்கு ஒரு பட்டை பத்தாது" என்று என் காதில் சொன்னார். நான் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைத்தேன்.

பெரியாஸ்பத்திரி ஒன்றில் இருபது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். வெடி வைத்து மீன் பிடிக்கிறவர்கள், பழைய குண்டைப் பிளந்து வெடிமருந்து எடுக்கிறவர்கள் என்று வாரம் ஒருவராவது வருவாராம். "மேஜைல வந்து படுக்கறப்போ துவைச்ச துணி மாதிரி வெளுத்துப்போய் வருவாங்க. டாக்டர் கையைக் கழுவிக்கிட்டு நிப்பார், நான் நூலைக் கோத்துக்கிட்டு நிப்பேன். தைக்கறதுக்கு உள்ளே ஒண்ணும் மிச்சம் இருக்காது. வழியிலேயே எல்லாம் கொட்டிப்போயிருக்கும்." அப்படி ஒருநாள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இனி வழியில்தான் நமக்கு வேலை என்று வெளியே வந்துவிட்டார்.

எங்கள் சார்ஜன்ட் பிலேமோனுக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. இருபது வருஷமாகக் குண்டு அகற்றுகிறவர், பேச்சும் குண்டு மாதிரிதான். "எங்க வேலைல வெடிச்சா பொறுக்கறதுக்குத்தான் ஆள் வேணும் சிஸ்டர், கட்டுப் போடறதுக்கு இல்ல."

"பொறுக்கறதுக்கு நான் வரல சார்ஜன்ட். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரேன்."

அடுத்த சிக்கல், பிலேமோன் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் சபைக்காரர். பன்றியைத் தொடமாட்டார். சிஸ்டர் வாக்குவாதமே செய்யவில்லை. மறுநாள் என் வண்டியில் ஒரு பெரிய சூரை மீன் ஏறியது. "சூரைக்குத் தொடை ஏது சிஸ்டர்?" என்றார் பிலேமோன். "வாலுக்கு மேல இருக்கறது தொடைன்னு வெச்சுக்கங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்." அன்றிலிருந்து எட்டுப் பேர் பன்றியிலும் ஒருவர் மீனிலும் படிக்கிறார்கள். மீனில் கற்றவர்தான் எல்லோரையும்விடக் கெட்டி. வழுக்கும் அல்லவா?

வழுக்குவது போதாதென்று சிஸ்டர் எல்லோர் கைகளிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுவார். ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போடுவார். பானை மூடிகளைக் காதருகே அடிப்பார். அதற்கு நடுவில் நான் புல்லில் கிடந்து "ஐயோ அம்மா" என்று அலற வேண்டும். அலறல் நன்றாக இருந்தால் நாலாபுறமிருந்தும் ஓடிவருவார்கள். அங்கேதான் பிடிப்பார். "நில்லு! எங்க ஓடறே? அவனை விழ வெச்சது எங்க இருக்குன்னு பாத்தியா? நீயும் விழுந்தா எனக்கு ரெண்டு பேர் வேலை. தூரத்துல நில்லு, பாரு, அவன்கிட்ட பேசு. பேச முடியறவனுக்குக் கை இருக்கும். கை இருந்தா அவனே கட்டிக்குவான்."

அது எங்கள் ஆட்களுக்கு எளிதில் ஏறாத பாடம். சொந்தக்காரன் விழுந்து கிடக்கும்போது எட்ட நின்று பேசுகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்து அடுத்த வியாழக்கிழமை. வகுப்பு முடிந்து, பன்றித் தொடையைக் கழுவி இலையில் சுற்றி வண்டியில் வைத்தோம். சிஸ்டரின் அண்ணன் காலேப் மேட்டுக் குடியிருப்பில் இருக்கிறார். மகளுக்கு மறுநாள் ஞானஸ்நானம். விருந்துக்காக வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் குழி தோண்டிக் கல்லடுப்பு மூட்டியிருந்தார். நம்முடைய தொடையும் அதில் வேகட்டும் என்று சிஸ்டர் கிளம்பிவிட்டார்.

அண்ணன் தங்கை என்றாலும் இருவரும் பேசிக்கொள்வது இல்லை. சண்டை கிடையாது. எங்கள் தீவில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் அப்படித்தான் இருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவர் வாய் திறக்கவே கூடாது. இடுப்புக்குக் கீழே ஒரு வார்த்தை வந்தால் வம்சத்துக்கே அவமானம். முப்பது வருஷமாக, "அவர்கிட்ட சொல்லு", "அவகிட்ட கேளு" என்று மூன்றாம் ஆளை வைத்தே இருவரும் பாசமாக இருந்தார்கள். சமீபகாலமாக அந்த மூன்றாம் ஆள் நான்.

மேட்டின் கடைசித் திருப்பத்தில் வண்டி ஏறும்போது சத்தம் கேட்டது. காதில் கேட்டது என்பதைவிட, ஸ்டியரிங்கில் கேட்டது என்று சொல்ல வேண்டும். தகரக் கூரைகள் எல்லாம் ஒரு தடவை உதறின. வீட்டுக்குப் பின்னால் மண்ணும் சாம்பலும் பனைமர உயரத்துக்கு எழும்பி மெதுவாக இறங்கின. அடுப்புக்கு அடியில் பழைய குண்டு ஒன்று இருந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சூடேறி வெடித்துவிட்டது. பெண்கள் எல்லோரும் சமையல் கொட்டகையில் கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள். அடுப்பருகே இருந்தவர் காலேப் மட்டும்.

அத்தனை முறை செத்துப் பழகியவன் அன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். நாலு எட்டு போவதற்குள் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து ஒரு கை இழுத்தது.

"டட்லி. பைனாகுலர்."

வண்டியில் இருந்த பைனாகுலரை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். "குழியோட மேற்கு ஓரம் பாரு." சரிந்த மண்ணுக்குள்ளிருந்து துருப்பிடித்த மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு குண்டு. அதற்கு ஒரு முழம் தள்ளிக் கங்குகள் சிதறி எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் காலேப் மல்லாந்து கிடந்தார். வலது கால் கைலிக்குக் கீழே கந்தலாக இருந்தது. நான் பாட்டிலை அமுக்கும்போது சர்பத் பீச்சுமே, அதே மாதிரி, அதே தாளத்தில் ரத்தம்.

நான் வயர்லெஸ்ஸில் குழுவைக் கூப்பிட்டேன். வர இருபது நிமிடம் என்றார்கள். அந்த ரத்தத்துக்கு நாலு நிமிடம்கூட இல்லை என்பது எனக்கே தெரியும்.

காலேபின் மனைவி மெர்லின் கொட்டகையிலிருந்து பாய்ந்து வந்தாள். சிஸ்டர் குறுக்கே விழுந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து தரையில் உருண்டார். எழுந்ததும் நெஞ்சிலிருந்த கடிகாரத்தைப் பிய்த்து அவள் கையில் திணித்தார். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரத்தைச் சொல்லு. சத்தமாச் சொல்லு. உன்னை நம்பித்தான் இருக்கேன்." அழுதுகொண்டே அவள் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தாள். வண்டிக்குப் பின்னால், மேட்டுச் சரிவுக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்தோம். குண்டிலிருந்து அறுபது தப்படித் தூரம். கூட்டத்திலிருந்து காலேபின் சித்தப்பா கத்தினார்: "கூடப்பொறந்தவன் செத்துக்கிட்டிருக்கான், இவ வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கறா பாரு!"

சிஸ்டர் திரும்பவில்லை. வண்டியின் ஒலிபெருக்கி மைக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். குண்டை வெடிக்க வைக்கும் முன் ஊருக்கு எச்சரிக்கை சொல்ல வைத்திருப்பது அது. மைல் கணக்கில் கேட்கும். "அவர்கிட்ட சொல்லு. கண்ணைத் திறக்கச் சொல்லு. கைலியை அவுத்துத் தொடையோட உச்சில கட்டச் சொல்லு."

அந்த நிலையிலும் வழக்கத்தை மீறவில்லை. நான் மைக்கை வாயில் வைத்தேன். மலை முழுக்க எதிரொலிக்க நான் சொன்னது, "அண்ணே... சௌக்கியமா?"

மைக் என் கையிலிருந்து பறிபோனது.

"காலேப்!"

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பெயரைச் சொல்லிவிட்டார்.

"காலேப், நான் டோர்கஸ் பேசறேன். கண்ணைத் திற. கேக்குதுன்னா கையைத் தூக்கு."

ஒரு கை, கொஞ்சமாக, எழுந்தது.

"நல்லது. இடுப்புல இருக்கற கைலியை அவுரு."

கை அப்படியே நின்றது. பிறகு, இல்லை என்பதுபோல் ஆடியது. சாகக் கிடக்கும் மனிதர், தங்கை முன்னால் கைலி அவிழ்க்கமாட்டேன் என்கிறார்.

"உள்ள என்ன போட்டிருக்கே, போடலன்னு யாரும் கேக்கல! அவுரு! மானத்தை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆள் இருக்கணும்!"

அவிழ்த்தார். உள்ளே நீலக் கால்சட்டை இருந்தது. இதைச் சொல்லாவிட்டால் காலேப் என்னை மன்னிக்கமாட்டார்.

"வலது தொடைல சுத்து. மேல. இன்னும் மேல. அங்க இல்ல, அரைகிட்ட! தொடை ஆரம்பிக்கற எடத்துல! இறுக்கி முடிச்சுப் போடு. பக்கத்துல அடுப்புக்கல்லு புரட்டற கம்பு கெடக்கு பாரு, அதை முடிச்சுமேல வெச்சு இன்னொரு முடிச்சு. இப்ப திருகு."

திருகினார். அலறினார். அந்த மாதிரி அலறலை ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் அலறியதில்லை.

"வலிக்கும். நல்லாக் கத்து. ஆனா விடாதே. இன்னும் ஒரு திருகு. ரத்தம் நிக்குதா பாரு. நிக்கலையா? இன்னும் ஒண்ணு!"

"பன்னெண்டு நாப்பத்தஞ்சு!" என்று மெர்லின் கத்தினாள்.

பைனாகுலரில் பார்த்தேன். பீச்சல் நின்றிருந்தது. சிஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"இப்ப கம்பை ஒரு கையால பிடிச்சுக்க. இடது காலை உந்தி, உக்கார்ற எடத்தால பின்னாடி நகரு. நெருப்பை விட்டுத் தள்ளி வா. வாய்க்கால் இருக்கு, அதுக்குள்ள விழுந்துடு." ஒவ்வொரு முழமாக நகர்ந்தார். நடுவில் ஒருமுறை தலை சாய்ந்தது. சிஸ்டரின் முகத்தில் அப்போது ஓடியதை நான் எழுதப்போவதில்லை. மைக்கில் வந்த குரலில் அது இல்லை. "தூங்காதே! ஏய், நம்ம சின்ன வயசுல கப்பல்ல வந்தோமே, வாந்தி எடுத்தது யாரு? நான்னா ஒரு விரல், நீன்னா ரெண்டு விரல்!"

மெதுவாக ஒரு விரல் எழுந்தது.

"பொய் சொல்றான்! இன்னும் பொய் சொல்றான்! நல்லா இருக்கான்!" என்று சிஸ்டர் மைக்கை அணைக்காமலே எங்களிடம் சொன்னார். அழுதுகொண்டிருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது. காலேப் வாய்க்காலுக்குள் உருண்டார்.

பிலேமோன் வந்து இறங்கினார். அவரும் ஓடவில்லை. நின்றார், பைனாகுலர் வழியாகப் பார்த்தார், "கட்டினது எப்போ?" என்று மட்டும் கேட்டார். மெர்லின் பதில் சொன்னாள். இரண்டு பேர் கவசம் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியாகவே தவழ்ந்து போய், கைலிக்கு மேலே நிஜப் பட்டை ஒன்றைப் போட்டு, போர்வையில் வைத்து இழுத்து வந்தார்கள். வண்டிக்குப் பின்னால் பிலேமோன் காயத்துக்குள் துணியை விரல் விரலாகத் திணித்து, முழங்கையை மடக்காமல் அமுக்கினார். சிஸ்டர் எட்ட நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் முடிந்து இன்னும் அரை நிமிடம் கழித்துத்தான் பிலேமோன் கையை எடுத்தார். அப்புறம் குழு கங்குகளை அணைத்து, இரண்டாவது குண்டை மாலைக்குள் எடுத்துக்கொண்டு போனது.

கால் பிழைத்தது. இரண்டு கால்விரல் போயிற்று, முழங்கால் இனி மடங்காது. ஞானஸ்நானம் ஏழு வாரம் தள்ளிப்போனது.

ஆனால் ஊரில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா பெரியவர்களைக் கூட்டினார். காப்பாற்றியது சரி, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு தங்கை, ஊர் கேட்க, மலை கேட்க, அண்ணனைப் பெயர் சொல்லி, தொடை என்றும் அரை என்றும் சொன்னாளா இல்லையா? இதை எப்படித் துடைப்பது? ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். சிஸ்டர் வெளியே தாழ்வாரத்தில் வெற்றிலைப்பாக்கை வாயில் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகைக்கும் குண்டுக்கும் அசையாதவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலேப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் தங்கச்சி அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே. வண்டி மேல இருந்த ஒலிபெருக்கிதானே பேசுச்சு? தப்புன்னா அதைக் கூப்பிட்டு விசாரிங்க."

சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழக்கு அதோடு முடிந்தது.

எனவே அண்ணனும் தங்கையும் முன்போலவே இன்றும் நேரில் பேசிக்கொள்வது இல்லை. "வலி இருக்கான்னு அவர்கிட்ட கேளு" என்று சிஸ்டர் சொல்லி அனுப்புகிறார். "அவ வேலையைப் பாக்கச் சொல்லு" என்று காலேப் சொல்லி அனுப்புகிறார். நான் இரண்டு பக்கமும் வண்டி ஓட்டுகிறேன். வகுப்புகள் நடக்கின்றன. போன மாதம் படகுக்காரர்கள் கையில் மட்டும் நான் மூன்று முறை செத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். எதிரே காலேப், கையில் கம்பில்லாமல், மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசி வீசி, தனியாக நடந்து வந்தார். நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதே. போ" என்றார் சிஸ்டர், நேரே பாதையைப் பார்த்துக்கொண்டே. காலேபும் மரங்களைப் பார்த்துக்கொண்டே எங்களைக் கடந்தார்.

கடந்ததும் சிஸ்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பின்னால் இருப்பதைக் காட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். திருப்பம் வந்து அண்ணன் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.